மஞ்சள் கழுவிய தண்ணீர்

ஜிங்தேஜென், மஞ்சள்காரத் தெரு
ஹோங்ஷி ஆட்சி பதினாறாம் ஆண்டு, மூன்றாம் மாதம், பௌர்ணமி

என் வீட்டுக்காரர் ஷௌரன் அவர்களுக்கு,

யூனியாங் வணங்கி எழுதுவது. இங்கே அத்தையும் நானும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் புத்தாண்டு முடிந்த கையோடு அரண்மனைத் தட்டுகளோடு படகு ஏறிய மனிதர் இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. தட்டுகளுக்கு வைக்கோல் சுற்றச் சுற்றக் கை ஓய்ந்துபோயிற்றோ என்னவோ. தலைநகரில் பெண்கள் வெள்ளையாக இருப்பார்களாமே? பார்த்துவிட்டு அதையாவது எழுதுங்கள்.

கோபத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டியது வேறு. நான் உண்டாகியிருக்கிறேன். நீங்கள் புறப்பட்ட பிறகுதான் தெரிந்தது. முதல் கரு நான்காம் மாதத்தில் கலைந்தது. அடுத்தவன் பிறந்து, உங்கள் விரலை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனான். அதனால் இந்த முறை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு மஞ்சள் தண்ணீர்தான். நம் தெரு லியூ அண்ணன், தட்டுகளுக்கு மஞ்சள் நிறப் பூச்சு ஊற்றுகிற ஊற்றுக்கூடத்தில் வாளி கழுவிய தண்ணீரைச் சுரைக்குடுவையில் கொண்டுவருகிறார். காலையில் எழுந்ததும் ஒரு கிண்ணம். "ராஜா சாப்பிடற தட்டோட மஞ்சளு, வயித்துல ஆம்பளப் புள்ளைய உக்கார வைக்கும்டி, மூச்சு விடாம குடி" என்று அத்தை எதிரிலேயே நிற்கிறார். மஞ்சள் ராஜாவுக்கு மட்டும் உரியது, உடைந்த ஓடு ஒன்று வீட்டில் இருந்தாலே தலை போகும். கழுவிய தண்ணீரை மட்டும் யாரும் தேடி வருவதில்லை. குடிக்கக் கஷ்டமே இல்லை. இனிக்கிறது.

ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் ஆற்றங்கரைக்குப் போய்ப் படகு பார்க்கத் தோன்றுகிறது. எழுதுங்கள்.

உங்கள்
யூனியாங்

*

தலைநகர், ஓட்டுச் சூளை
ஐந்தாம் மாதம், படகுத் திருவிழாவுக்கு மறுநாள்

அன்புள்ள யூனியாங்,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பேதியா என்று கேட்டார்கள். "எம் பொண்டாட்டி முழுகாம இருக்காய்யா!" என்று கத்தினேன். உடனே எல்லோரும் என் செலவில் ஆட்டுக்கறி தின்றார்கள்.

எழுதாதது என் தப்புதான், திட்டிக்கொள். தட்டுகளை இறக்கியதும் ஊர் திரும்பலாம் என்று நினைத்தேன். ஆனால் வரிசைப்படி இந்த ஆண்டு அரசு ஊழியம் எனக்கு என்று சொல்லி, அரண்மனைக் கூரைக்கு ஓடு சுடும் இந்த இடத்தில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஓட்டுக்குப் பூசுவதும் நம் மஞ்சளின் அண்ணன் தம்பிதான், கொஞ்சம் முரடு. வெள்ளைப் பெண்களா? இங்கே எல்லோரும் புழுதி நிறம். மூன்று வேளையும் கோதுமை உருண்டை, கடித்தால் பல் பேசுகிறது. ஒரு பிடி அரிசிச் சோறும் உன் ஊறுகாய்க் கீரையும் கிடைத்தால் அழுதுவிடுவேன்.

ஆனால் ஒன்று கேள். கிடங்கில் நம் பெட்டிகளைப் பிரித்தபோது நானும் இருந்தேன். வைக்கோலை விலக்கி ஒரு தட்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். உருக்கிய கோழிக்கொழுப்பு மாதிரி, ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. அரண்மனைக் கண்காணி கேட்டார்: "இத ஊத்துனது யாரு?" நான் கையைத் தூக்கினேன். "கையை எங்கயும் நிறுத்தலியா?" என்றார். "நிறுத்துனா கோடு விழும் ஐயா. பொறந்ததுலேருந்து நிறுத்துனதில்ல" என்றேன். என் வாய் உனக்குத் தெரியாதா.

அவருக்குப் பிடித்துப்போயிற்று. குளிர் தொடங்கும்போது எனக்கு ஒரு சோதனை வைக்கிறாராம். வெண்தட்டுகளைக் கொடுத்து எதிரிலேயே ஊற்றச் சொல்வார். தேறினால் ஜிங்தேஜெனுக்கு நான் தலைமை ஊற்றுக்காரனாகத் திரும்புவேன். மஞ்சள் தொட்டி நம் முற்றத்திலேயே இருக்கும்! காவலுக்கு ஆள் போடுவார்கள். என் அப்பா இதற்காகத்தான் காத்திருந்து செத்தார்.

நீ தண்ணீரை விடாமல் குடி. அம்மாவிடம் சொல், காலையில் மட்டும் போதாது, மாலையும் ஒரு கிண்ணம் கொடுக்கட்டும். இந்த முறை பையன் நிலைப்பான். எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது.

உன்
ஷௌரன்

*

தலைநகர்
ஐந்தாம் மாதக் கடைசி

யூனியாங்,

குடிக்காதே. போன கடிதத்தில் நான் எழுதியதை மறந்துவிடு. அந்தத் தண்ணீரை ஒரு சொட்டுகூட வாயில் வைக்காதே. ஊற்றுக்கூடத்துக்கு அரைத்துக் கொடுக்கும் மஞ்சள் பூச்சையும் அரைக்காதே. உரலை அம்மாவிடம் தள்ளிவிடு, இடுப்பு வலிக்கிறது என்று சொல்.

காரணம் சொல்கிறேன். இங்கே ஹௌ என்று ஒரு ஷான்ஷிக்காரர், ஓட்டுக்கு மஞ்சள் பூசுபவர், எனக்குப் பக்கத்துப் பாயில் படுப்பவர். மத்தியானம் சாப்பிடும்போது நம் தெருவின் தண்ணீரைப் பற்றி அவரிடம் பெருமையாகச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"குடிக்கிறாங்களா? வாயாலயா?"

"ஆமா. ஏன், உங்க பொம்பளைங்க குடிக்க மாட்டாங்களா?"

"டேய், எங்க ஊர்ல வாளிப் பக்கமே பொம்பளைய விட மாட்டோம். என் மாமன் மக ஒருத்தி தெரியாம அந்த வாளியில துணி தொவச்சுட்டு இருந்தா. வயித்துல தங்குனது ஒண்ணுகூட நிக்கல. மஞ்சளுக்குள்ள இருக்கறது ஈயம்டா. ஈயம் வயித்துக்குள்ள போனா அங்க இருக்கறத வெளிய தள்ளிரும்."

நான் அவரோடு சண்டை போட்டேன். எங்கள் தெரு மஞ்சளால் வாழ்கிற தெரு என்றேன். அவர் கோதுமை உருண்டையைப் பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதிலிருந்து நான் சாப்பிடவில்லை. என் விரலைப் பிடித்த நம் பையனின் நீலம் பாய்ந்த நகங்கள் ஞாபகம் வருகின்றன. அவன் வயிற்றில் இருந்தபோது உனக்கு நான்தானே தண்ணீர் கொண்டுவந்தேன்.

ஹௌ சொல்வது பொய்யாக இருக்கட்டும். ஆனாலும் நீ குடிக்காதே. கிடைக்கிற முதல் படகிலேயே இதை அனுப்புகிறேன். போன கடிதத்தை இது முந்த வேண்டும். முந்துமா?

ஷௌரன்

*

மஞ்சள்காரத் தெரு
ஏழாம் மாதத் தொடக்கம்

என் வீட்டுக்காரருக்கு,

படகுத் திருவிழாவுக்கு மறுநாள் நீங்கள் எழுதியது இப்போதுதான் கைக்கு வந்தது. தலைமை ஊற்றுக்காரரா! அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தெருவே கேட்கட்டும் என்று மறுபடி படிக்கச் சொன்னார். லியூ அண்ணியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் சொற்படியே காலையும் மாலையும் குடிக்கிறேன். அத்தை இப்போது அடியில் தங்கும் வண்டலையும் கலக்கித் தருகிறார். அவருக்கு என்மேல் இவ்வளவு அன்பு இருப்பது இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று. குழந்தை அசைகிறது. உங்களை மாதிரியே அதற்கும் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

சின்னக் குறைகள் உண்டு. வயிற்றை அவ்வப்போது யாரோ பிழிகிற மாதிரி இருக்கிறது. வாயில் எந்நேரமும் செம்பு நக்கிய சுவை. முகம் சுவர் மாதிரி வெளுத்துவிட்டது என்று நீலக்காரத் தெருவிலிருந்து என்னைப் பார்க்க வந்த என் அம்மா சொன்னார். உங்கள் மாமனாரோ, தட்டின் அடியில் நீலத்தில் ஆட்சிப் பெயரின் ஆறே எழுத்தை எழுதி எழுதி, பேச்சையும் அப்படியே சுருக்கிவிட்டார். என்னைப் பார்த்து "ஒழுங்கா சாப்புடு" என்றார், அவ்வளவுதான்.

இரவில் தூக்கம் இல்லை. பயமா என்று கேட்டால் ஆமாம், பயம்தான். இந்த ஒன்றையும் விட்டுவிட்டால் அத்தை உங்களுக்கு வேறு பெண் பார்ப்பார். அவர் பார்க்காவிட்டாலும் தலைமை ஊற்றுக்காரருக்குப் பெண் கொடுக்க ஊர் வரிசையில் நிற்கும். அதனால்தான் வண்டல்வரை வழித்துக் குடிக்கிறேன்.

உங்கள்
யூனியாங்

*

தலைநகர்
எட்டாம் மாதம்

யூனியாங்,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எந்தக் கடிதம் முதலில் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் எழுது. இங்கே வரும் ஒவ்வொரு படகுக்காரனையும் மறித்துக் கேட்கிறேன். என்னைக் கண்டாலே இப்போது அவர்கள் படகை வேறு துறையில் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள்.

இலையுதிர்காலப் பௌர்ணமிக்கு நிலா அப்பம் கொடுத்தார்கள். ஹௌ என் பங்கையும் சேர்த்துத் தின்றார். ஒருவேளை நான் சொன்னது தப்போ என்று அவரே இப்போது என்னைத் தேற்றுகிறார். அவர் தேற்றுவதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

குடிக்காதே. நீ குடிக்கவில்லை என்று எழுது. பொய்யாக இருந்தாலும் எழுது.

ஷௌரன்

*

மஞ்சள்காரத் தெரு
எட்டாம் மாதக் கடைசி

என் வீட்டுக்காரருக்கு,

குடிக்காதே என்று நீங்கள் எழுதியது, குடி என்று எழுதியதற்கு ஒரு மாதத்துக்கும் மேல் பிந்தி வந்தது. அதைக் கொண்டுவந்த படகு நடுவழியில் தரை தட்டி நின்றுவிட்டதாம்.

படித்ததும் எனக்கு வந்தது கோபம். மறைக்காமல் சொல்கிறேன். முந்தின கடிதத்தில் ரெண்டு கிண்ணம் குடி, அடுத்ததில் ஒரு சொட்டும் குடிக்காதே. யாரோ ஷான்ஷிக்காரன் சொன்னானாம், உடனே பெற்ற தாயின் கை கசந்துவிட்டதாம். இவருக்கு அங்கே வேறு யாரோ கிடைத்துவிட்டாள், என் வயிற்றில் இருப்பது நிலைக்க வேண்டாம் என்று நினைக்கிறார் என்றுகூட நினைத்தேன். அன்று மாலை வேண்டுமென்றே கிண்ணம் நிறையக் குடித்தேன்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதே அப்பாவின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள், நிறுத்திவிட்டுப் போனேன். அங்கே போனது நல்லதாயிற்று. நீலக்காரத் தெருவில் உட்கார முடியவில்லை, அவ்வளவு பிள்ளைகள். ஒருவன் காலில் விழுகிறான், ஒருத்தி மடியில் ஏறுகிறாள், கூடத்தில் ஒரே ரகளை. அந்தச் சத்தத்தில் எனக்குத் தலை வலித்தது. திரும்பி நம் தெருவுக்குள் நுழைந்ததும் வலி நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யோசித்துக்கொண்டே நம் வாசல்வரை வந்தேன். வந்தவள் உள்ளே போகவில்லை.

லியூ அண்ணி வீட்டுக்குப் போனேன். மூன்று மகன்களைப் பெற்றவள் என்று அத்தை தினமும் எனக்குக் காட்டுகிற அண்ணி. "அண்ணி, நிலைச்சத எல்லாருக்கும் தெரியும். நிலைக்காதது எத்தன?" என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே விரல்களை மடக்கினாள். ஒரு கை முடிந்து அடுத்த கையை எடுத்தாள். "இத இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கேட்டதில்லடி" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் விரல்கள்தான். ஒருத்தி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அவள் அழுவது கேட்டது. வருகிற அதிகாரிகள் எல்லோரும் இந்தத் தெரு எவ்வளவு அமைதி என்று மெச்சிவிட்டுப் போவார்களே, அது பிள்ளைச் சத்தம் இல்லாத அமைதி.

உங்கள்மேல் சந்தேகப்பட்டேன், மன்னித்துவிடுங்கள். இப்போது நான் குடிப்பதில்லை. அத்தை எதிரில் வாயில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடித் துப்பிவிடுகிறேன். உரலைத் தொடுவதில்லை. ஆனால் ஐந்து மாதமாக உள்ளே போனதை எங்கே துப்புவது? குழந்தை முன்போல் அசைவதில்லை. ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து வயிற்றைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன்.

யூனியாங்

*

நீலக்காரத் தெரு
பத்தாம் மாதம், பௌர்ணமிக்குப் பின்

ஷௌரன் அவர்களுக்கு,

தெருப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பதறாதீர்கள். குழந்தை உயிரோடு இருக்கிறாள். மகள். இரு கை சேர்த்தால் அடங்கிவிடுகிறாள். பிறந்ததும் வெகுநேரம் அழவில்லை, மருத்துவச்சி காலைப் பிடித்துத் தொங்கவிட்டு அடித்த பிறகுதான் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பால் குடிக்கிறாள், தூங்குகிறாள். நான்தான் தூங்காமல் அவள் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் துப்பியது அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தையைப் பார்த்ததும், "தண்ணியத் துப்புனவளுக்குப் பொட்டப் புள்ள பொறக்காம வேற என்ன பொறக்கும்?" என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் குளிப்பாட்டுக்கு எல்லோரும் வந்திருந்தபோது, அத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு குழந்தையின் வாய்ப் பக்கம் கொண்டுபோனார். "அடுத்ததாவது தம்பியா பொறக்கட்டும், நாக்குல ஒரு சொட்டு" என்றார். விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அத்தையின் கையையும் தட்டினேன், அடி பலமாகவே விழுந்தது. மாமியாரை அடித்தவள் என்று தெருவில் இப்போது என் பெயர். குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஈரத் தலையோடு நடந்து இங்கே வந்தேன்.

பிள்ளை பெற்றவள் மாதம் முடியுமுன் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியும். அம்மா கதவை மறித்துக்கொண்டு, "உங்கண்ணன் குடும்பம் நாசமாப் போயிரும்டி, திரும்பிப் போ" என்று அழுதார். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா உள்ளேயிருந்து, தீட்டுக் கழிய நெருப்புச் சட்டியைத் தூக்கிவந்து நிலைப்படியில் வைத்தார். "தாண்டி வா" என்றார். தாண்டி வந்தேன். அம்மா இன்னும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்கு மஞ்சள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். புது வாளி கலக்கிய நாளில் நீங்கள் அதைப் பார்த்த பார்வையை ஒருநாள்கூட என்மேல் நான் கண்டதில்லை. பொறாமைப்பட்டிருக்கிறேன். தலைமை ஊற்றுக்காரராக நீங்கள் வந்தால் தொட்டி நம் முற்றத்துக்கு வரும், காற்றிலும் சோற்றிலும் அதுதான் இருக்கும். அந்த வீட்டுக்கு என் மகளைக் கொண்டுவர மாட்டேன். வேண்டாம் என்று சொன்னால் அரசு விடாது, அதுவும் தெரியும். அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சள் வேலை செய்கிற கை இந்தக் கதவைத் தட்டினால் நான் திறக்க மாட்டேன். அத்தை உங்களுக்கு வேறு பெண் பார்த்தால் பார்க்கட்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். என்ன எழுதினாலும் அழுவேன்.

யூனியாங்

*

தலைநகர்
பத்தாம் மாதம், பௌர்ணமிக்குப் பின்

அன்புள்ள யூனியாங்,

நின்றுகொண்டே எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

எட்டாம் மாதம் நீ எழுதியது போன வாரம் வந்தது. லியூ அண்ணியின் விரல்களைப் பற்றிப் படித்துவிட்டு ஹௌவிடம் கொடுத்தேன், அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதே மறந்துபோயிற்று. நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைத் தட்டியதை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நேற்று சோதனை நடந்தது. கண்காணி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பனி மாதிரி வெண்தட்டுகள், அடியில் ஆட்சிப் பெயர், உன் அப்பா எழுதியதாகக்கூட இருக்கலாம். மஞ்சளை நானே கலக்கினேன். அவ்வளவு நல்ல மஞ்சள் என் வாழ்நாளில் அமைந்ததில்லை யூனியாங். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் தட்டை எடுத்தேன். சாய்த்தேன். மஞ்சள் விளிம்பிலிருந்து வழிந்து பாதி வந்தது. கையை நிறுத்தினேன்.

நிறுத்துவது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை. கை தானாகப் போகப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து வைத்தேன். தட்டின் நடுவில் தழும்பு மாதிரி ஒரு கோடு விழுந்தது. அடுத்த தட்டிலும் நிறுத்தினேன். அதற்கடுத்ததிலும்.

"என்னடா இது? பொறந்ததுலேருந்து நிறுத்துனதில்லன்னு சொன்னியே!" என்று கண்காணி எழுந்துவிட்டார்.

"கை நடுங்குது ஐயா. இனிமே இது ஆகாது" என்றேன். கையை நீட்டிக் காட்டினேன். அதற்கு அதிகம் நடிக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நாளாகவே மணிக்கட்டு நிமிர்ந்து நிற்பதில்லை. ஹௌவுக்கும் அப்படித்தான்.

தட்டுகளைக் கெடுத்ததற்குத் தடியடி கொடுத்தார்கள். உட்கார இன்னும் நாளாகும். என் பெயரை மஞ்சள் வரிசையிலிருந்து அடித்துவிட்டு, ஊருக்குப் போய் ஆற்றங்கரையில் எருமைகளோடு களிமண் மிதிக்க உத்தரவு போட்டிருக்கிறார்கள். மஞ்சள்காரத் தெருவில் நமக்கு இனி வீடு கிடையாது. அம்மா என்னை மன்னிக்க மாட்டார். அப்பாவின் சமாதிக்குப் போய் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. இரவு கொஞ்சம் அழுதேன், உனக்குத் தெரிந்தால் பரவாயில்லை.

மண் மிதிப்பவனோடு இருக்க உனக்குச் சம்மதமா? குடிசைதான், எருமை நாற்றம் இருக்கும். உன் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பேனோ. யோசித்து வை.

குழந்தை பிறந்துவிட்டதா? பிறந்து உயிரோடு இருக்கிறதா? இதை எழுதவே கை வரவில்லை. பையனோ பெண்ணோ, அழுகிற பிள்ளையாக இருந்தால் போதும்.

கால்வாய் இந்த வாரம் உறைந்துவிட்டது, படகு இல்லை. இந்தக் கடிதத்தைக் குதிரையில் போகும் தேயிலைக்காரரிடம் கொடுக்கிறேன். அடிபட்ட இடத்தோடு குதிரை ஏற முடியாது, ஆகவே நான் நடந்து வருகிறேன். வந்து சேர்ந்ததும் நீ திட்டுவாய், நிறைய இருக்கும். முதலில் குழந்தையைக் காட்டு. பிறகு திட்டு.

உன்
ஷௌரன்